முறைத் தண்ணீர்

"வந்தாச்சா உன் சம்பந்தி, அழுக்கு மூட்டையோட?"

கட்டிலில் படுத்தபடியே கேட்டார் பம்ப் ஹவுஸ்காரர். மெதுவாகப் பேசுவதெல்லாம் அவருக்கு வராது. வேலை பார்த்த காலம் முழுக்க மோட்டார் சத்தத்துக்கு மேலே கத்தியே பழகிய தொண்டை.

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்களேன். காதுல விழுந்துடப் போகுது" என்றாள் மனைவி.

"விழட்டுமே!"

மருமகளின் அம்மா அதற்குள் மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்க உள்ளே வந்துவிட்டாள். கையில் புடைத்துப் போன கட்டைப்பை.

"அண்ணன் எப்படி இருக்கீங்க?" என்று சிரித்தாள். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவள் மகளோடு நேரே குளியலறைப் பக்கம் போனாள். கொஞ்ச நேரத்தில் வாளியில் தண்ணீர் விழும் சத்தம்.

"கேட்டியா? ஆரம்பிச்சாச்சு!"

மழை ஏமாற்றி, ஏரி அடிமட்டத்துக்குப் போனதிலிருந்து இரண்டு ஊருக்கும் முறை வைத்துத்தான் தண்ணீர். இன்றைக்கு இந்த ஊருக்கு என்றால் நாளைக்குப் பக்கத்து ஊருக்கு. சம்பந்தியம்மா பக்கத்து ஊர். ஆனால் அவள் பஸ் ஏறி வருவதெல்லாம் சொல்லிவைத்த மாதிரி இந்த ஊர் முறையன்றைக்குத்தான். வரும்போதும் பை நிறைந்திருக்கும், போகும்போதும் நிறைந்திருக்கும். தன் வீட்டு அழுக்கை இங்கே துவைத்துக்கொண்டு போகிறாள் என்பதற்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

"ஏரி நம்ம பக்கம் இருக்கு. அதுல பாதியைத் தூக்கி அவங்களுக்குக் குடுத்தாச்சு. அதுவும் போதலைன்னு வீட்டுக்குள்ளயே வந்து அள்ளறாங்க. நான் நனைக்கிற விரிப்பையே நம்ம மருமகப் பொண்ணு நாலு வாளித் தண்ணியை வச்சுக்கிட்டு மாரடிக்குது. பெத்த தாய்க்கே அது தெரியலையே!"

பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோனதிலிருந்து படுக்கை நனைவதுகூட அவருக்குத் தெரிவதில்லை. விரிப்பு எப்போதும் காய்ந்திருக்க வேண்டும், ஈரத்தில் படுத்தால் முதுகு புண்ணாகிவிடும், வந்தால் லேசில் ஆறாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அந்தப் பயம் வீட்டில் எல்லோருக்கும் உண்டு.

"இனிமே வர்றதா இருந்தா வெறுங்கையோட வரச் சொல்லு. நீ போய்ச் சொல்றியா, நான் இங்கேருந்தே கத்தட்டுமா?"

கத்துவார். அதனால் அவள் எழுந்தாள். மனதுக்குள் அவளுக்கும் கோபம்தான். நல்லது கெட்டது பார்த்துப் பழகிய சம்பந்தி, தண்ணீர் என்று வந்ததும் இப்படியா?

குளியலறைக் கதவைத் தள்ளியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

துவைத்து, காயவைத்து, பெட்டி போட்டு மடித்த விரிப்புகளை மருமகள் பையிலிருந்து எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். மேலே இருந்த நீலக் கட்டம் போட்ட விரிப்பின் ஓரத்தில் ஒரு தையல். அது மாமியார் தன் கையால் போட்ட தையல்; இந்த வீட்டு விரிப்பேதான். சம்பந்தியம்மா கீழே குந்தி உட்கார்ந்து, நேற்றைய ஈர விரிப்புகளை அரை வாளித் தண்ணீரில் அலசிப் பிழிந்து பிளாஸ்டிக் கவரில் திணித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன இது, சம்பந்தி?"

இரண்டு பேரும் திருடி மாட்டிக்கொண்டவர்கள் மாதிரி விழித்தார்கள்.

"மாடிக்கு ஏறுற தண்ணி குடிக்கவும் சமைக்கவுமே பத்தலை, அத்தை. முறை வச்ச நாள்லேர்ந்து அம்மாதான்..." மருமகள் முடிக்கவில்லை.

"அட, நான் ஒருத்திதானே இருக்கேன்? எங்க ஊர் முறையில வர்றது எனக்கு மிச்சம்" என்றாள் சம்பந்தியம்மா. "அன்னைக்குத் துவைச்சுப் போட்டா மறுநாள் கொண்டாந்துடலாம். கவர்ல இறுக்கிக் கட்டிட்டா பஸ்ல யாருக்கும் தெரியாது."

"என்கிட்டயாவது சொல்லக்கூடாதா? உங்களைப் போய் என்னெல்லாம்..."

"சொன்னா நீங்க விடுவீங்களா? அண்ணன் காதுக்குப் போச்சுன்னா அந்த விரிப்புல படுப்பாரா? அவர் ரோஷத்துக்கு வெறும் கட்டில்ல கிடந்து முதுகைப் புண்ணாக்கிக்குவார். என்னை நாலு வார்த்தை திட்டிட்டு, காய்ஞ்ச விரிப்புல நிம்மதியாத் தூங்கட்டும், விடுங்க."

அவள் குனிந்து, சம்பந்தியின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள்.

பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, நீலக் கட்ட விரிப்போடு அறைக்குத் திரும்பினாள்.

"சொல்லிட்டியா?"

"ம்."

அவளுடைய சிவந்த கண்ணைப் பார்த்ததும் பம்ப் ஹவுஸ்காரரின் சுருதி இறங்கிவிட்டது.

"என்ன, அந்தம்மா அழுதுட்டாங்களா?"

அவள் அவரை ஒருபுறமாகப் புரட்டி, விரிப்பை இழுத்துச் சுருக்கமில்லாமல் விரித்தாள். அவர் அதில் சாய்ந்து, வெயில் வாசனையடித்த துணியில் கன்னத்தைப் பதித்துக்கொண்டார். உடம்பே இளகியது.

"பாவம்டி. மூட்டையைத் தூக்கிக்கிட்டு மூணு மாடி ஏறி வருது. நான்தான் வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். போய், எப்பவும் போல வரச் சொல்லு. நம்ம தண்ணியில நல்லாத் துவைச்சுட்டுப் போகட்டும்."

"சரிங்க."

"நாமதான் கொஞ்சம் பெரிய மனசு பண்ணணும். இருக்கிற தண்ணியைப் பங்கு போட்டுக்கறதுன்னா என்னன்னு அந்த ஊர்க்காரங்களுக்கும் யாராவது காட்டித்தரணும், இல்லையா?"