வேளைக்கு ஒரு பிடி

“இவ்வளவுதானா ரோசம்மா?”

பிரான்சி டீச்சர் டப்பாவைச் சாய்த்துப் பார்த்தாள். அரிசி அடியில்தான் கிடந்தது.

காட்டூரில் அந்தத் தெருவுக்குப் பிடி அரிசி வாங்குவது டீச்சரின் பொறுப்பு. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை ஆண்டவருக்கென்று தனியே எடுத்து வைப்பார்கள். சனிக்கிழமை மாலை அதை வாங்கிப் போய்க் கோயிலில் சேர்த்தால், இல்லாதவர்களுக்குப் போகும்.

டீச்சர் வீட்டு டப்பா எந்த வாரமும் குறைந்ததில்லை. ஸ்கூலுக்கு ஓடுகிற அவசரத்தில் தினம் தினம் எடுத்து வைக்க முடிகிறதா? சனிக்கிழமை மதியம் மூட்டையிலிருந்து ஒரே அள்ளாக அள்ளி நிரப்பிவிடுவாள்.

“போன மாசம் வரைக்கும் டப்பா நெறைய தந்தே. இப்ப என்ன, பெய்யிற மழையில அரிசியும் கரைஞ்சு போச்சா?”

டீச்சருக்குத் துணையாக வந்து பையை விரித்துப் பிடித்திருந்த ஜெஸ்லின் சிரித்துவிட்டாள். ரோசம்மாளின் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

“அவருக்கு வேலையே இல்லைங்க டீச்சர். இந்த மழையில யாரு பெயின்ட் அடிக்கக் கூப்பிடறாங்க?”

கதவை ஒருக்களித்துப் பிடித்தபடியே பேசினாள் ரோசம்மாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. அதுவும் டீச்சருக்குப் பிடிக்கவில்லை.

“ரேஷன்ல அரிசி சும்மாதானே தர்றாங்க?”

“கார்டு மணப்பாறையில அவரோட அண்ணன் வீட்டுல இருக்குங்க. இன்னும் எங்க பேரைப் பிரிச்சு வாங்கல.”

ரோசம்மாள் டப்பாவை வாங்கிப் பையில் கவிழ்த்துத் தட்டினாள். விளிம்பில் ஒட்டியிருந்த ஒரு மணியையும் விரலால் தள்ளிவிட்டாள்.

“கஷ்டம் யாருக்குத்தான் இல்ல, சொல்லு. கஷ்டத்துலதான் விசுவாசம் தெரியும். முதல்ல ஆண்டவருக்கு எடுத்து வச்சிடணும். மிச்சத்தை அவர் பாத்துப்பாரு.”

“அதை நம்பித்தாங்க இருக்கேன்.”

“நம்பறவ செய்யிற காரியமா இது? பை எடையே இல்ல. ஃபாதர் கேட்டா நான் என்னன்னு சொல்றது?”

“விடுங்க டீச்சர், அடுத்த வீட்டுக்குப் போவோம். மறுபடி மழை வரும்போல இருக்கு” என்றாள் ஜெஸ்லின்.

“இரு ஜெஸ்லின். இதைச் சொல்லாம போனா என் மனசு கேக்காது. ஏன் ரோசம்மா, வேளைக்கு ஒரு பிடின்னு ஆண்டவர்கிட்ட ஒத்துக்கிட்டு, நடுநடுவுல எடுத்து வைக்காம விட்டா, அது அவர்கிட்டயே திருடுற மாதிரி இல்லையா?”

ரோசம்மாள் திடுக்கிட்டுப் போனாள். ஒரு தடவை உள்ளே திரும்பிப் பார்த்தாள். விளக்கு வைக்கும் முன்பே பிள்ளைகள் இரண்டும் பாயில் சுருண்டு கிடந்தன.

கதவை இன்னும் கொஞ்சம் சாத்தினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அப்படிச் சொல்லாதீங்க டீச்சர். ஒரு வேளைகூட நான் எடுத்து வைக்காம இருந்ததில்ல. இந்த வாரம் உலை வச்சதே மூணு வேளைதாங்க.”