விழுப்புரம் சென்டர்

விடைத்தாளில் கையெழுத்துப் போட என் பெஞ்சருகே வந்து நின்ற ஹால் சூப்பர்வைசர், லூர்துசெல்வி.

என்னிடம் படித்தவள்.

சட்டென்று குனிந்துகொண்டேன். நாலு நாளாகச் சவரம் செய்யாமல் வந்தது நல்லதாகப் போயிற்று. ஹால் டிக்கெட்டில் நம்பரை மட்டும் சரிபார்த்துவிட்டுக் கையெழுத்தைப் போட்டு நகர்ந்தாள். அடையாளம் தெரியவில்லை என்று மூச்சு விட்டேன்.

திண்டிவனத்தில் எழுதினால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்றுதான் விழுப்புரம் சென்டரைக் கேட்டு வாங்கியிருந்தேன். காலையில் காலேஜ் வாசலில் இரண்டு பெண்கள் என்னைச் சூப்பர்வைசர் என்று நினைத்துக் குட்மார்னிங் சொன்னார்கள். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

எங்கள் டுடோரியல் வாசலில் தொங்கும் போர்டில் 'எஸ். அமிர்தசாமி, பி.ஏ., இங்கிலீஷ்' என்று இருக்கிறது. அந்த பி.ஏ.வுக்கு இன்னும் ஒரு பேப்பர் பாக்கி. அதுவும் இங்கிலீஷ். இது ஏழாவது தடவை. இந்தத் தடவையும் போனால் என்னை நிறுத்திவிடுவதாக முதலாளி மாசிலாமணி சொல்லிவிட்டார். பிள்ளைகளிடம், விழுப்புரத்துக்குப் பேப்பர் திருத்தப் போகிறேன் என்று புளுகிவிட்டு வந்திருந்தேன்.

லூர்துசெல்விக்குக் காலேஜில் வேலை கிடைத்தபோது அவள் அப்பா செபஸ்தியான் டுடோரியலுக்கு லட்டு கொண்டுவந்து கொடுத்தார். நான் கரையேற்றிய பெண் என்று ஊரெல்லாம் பெருமையடித்தேன். எந்தக் காலேஜ் என்று மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை.

கோடிட்ட இடங்கள் பத்து. ஒன்பதில் சிரமமில்லை. 'யெஸ்டர்டே', 'அகோ' இருந்தால் சிம்பிள் பாஸ்ட். 'ஜஸ்ட்', 'ஆல்ரெடி' இருந்தால் பிரசன்ட் பெர்ஃபெக்ட். வாக்கியத்தைப் படித்து நேரத்தை வீணாக்காதே, வார்த்தையைத் தேடு. பதினோரு வருஷமாக இதைச் சொல்லித்தான் பிழைப்பு நடத்துகிறேன்.

பத்தாவதில் அப்படி எந்த வார்த்தையும் இல்லை.

யாரோ ஒருவன் சாவியைத் தொலைத்துவிட்டுக் கதவைத் திறக்க முடியாமல் நிற்கிறான். 'ஐ லாஸ்ட்' என்பதா, 'ஐ ஹாவ் லாஸ்ட்' என்பதா?

எஸ்.எஸ்.எல்.சி.யில் கோட்டை விட்டு எங்களிடம் வந்து சேர்ந்த வருஷம் லூர்துசெல்வி இதையேதான் எழுந்து கேட்டாள். வார்த்தை எதுவும் இல்லாவிட்டால் என்ன செய்வது? பரீட்சையில் அப்படியெல்லாம் கேட்க மாட்டான், உட்கார் என்று அதட்டினேன். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டு, கட்டுரை கடிதமெல்லாம் எழுதி முடித்தபின் திரும்பி வந்தேன்.

வேறு வழியில்லாமல் வாக்கியத்தைப் படித்தேன். சாவி இன்னும் கிடைக்கவில்லை. அவன் இன்னும் வெளியேதான் நிற்கிறான். 'ஹாவ் லாஸ்ட்' என்று எழுதினேன்.

டொக், டொக். என் பெஞ்சின் மேல் இரண்டு தட்டு விழுந்தது. பேனாவும் கையுமாக லூர்துசெல்வி நின்றிருந்தாள்.

வகுப்பில் யாராவது தப்பாக எழுதினால் நான் வாயால் சொல்வதில்லை. டஸ்டரால் மேஜையில் இரண்டு தட்டுத் தட்டுவேன். அழித்துவிட்டு மாற்றி எழுத வேண்டும். என்னிடம் படித்த எல்லோருக்கும் அது தெரியும்.

என்னைக் கண்டுபிடித்துவிட்டாள். கண்டுபிடித்தும் உதவுகிறாள். மானம் போனது அப்புறம்தான் உறைத்தது. மார்க் கிடைக்கப்போகிற சந்தோஷம்தான் முதலில் வந்தது. சொல்லவே கூசுகிறது. 'ஹாவ்' மேல் கோடு போட்டு அடித்தேன்.

அவள் அடுத்த பெஞ்சுக்குப் போய் அங்கேயும் இரண்டு தட்டினாள். அதற்கடுத்த பெஞ்சிலும் தட்டினாள். கடைசி ஐந்து நிமிஷம், தாள்களை அடுக்கி நூல் கட்டிக்கொள்ளச் சொல்லித் தட்டிக்கொண்டே போனாள்.

காது வரைக்கும் சுட்டது. அடித்ததை மறுபடி எழுதப் பேனாவை எடுத்தேன். எது சரி என்று இப்போது எனக்கே தெரியவில்லை. அப்படியே விட்டுவிட்டு நூலை முடிந்தேன்.

மணி அடித்தது. என் தாளை வாங்கியவள் நூல் சரியாக இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்தாள். அடித்திருந்த இடத்தில் அவள் கை நின்றது. பிறகு குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னாள்.

"மொதல்ல எழுதனதுதான் சரி, அமிர்தம் சார்."

எழுந்து நின்றேன். பதினோரு வருஷமாகப் பிள்ளைகள் என்னிடம் சொல்கிற அதே குரலில், "தேங்க்யூ மிஸ்" என்றேன்.