காலையில் ஏதாவது சாப்பிட்டாரா?

வெளிநாட்டு டாக்டர் சிரித்துக்கொண்டே இருந்தார். அவளுக்கு அது பிடிக்கவில்லை.

காசு வாங்காமல் கத்தி வைக்கிறவர் எதற்காக இத்தனை சிரிக்க வேண்டும்?

பள்ளிக்கூடத்தின் ஒரு வகுப்பறையைக் கழுவித் துடைத்து ஆஸ்பத்திரி ஆக்கியிருந்தார்கள். கரும்பலகையில் யாரோ போட்ட கழித்தல் கணக்கு பாதி அழிந்தும் அழியாமலும் இருந்தது. குழந்தைகள் உட்காரும் குட்டை பெஞ்சில் அவள் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். எதிரே அவள் புருஷன், பச்சை கவுனை ஒரு பக்கமாகத் தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்தான்.

“இருமச் சொல்றார், அண்ணே,” என்றாள் நர்ஸ். உள்ளூர்க்காரி. டாக்டர் பேசுவதை இவர்களுக்கு எடுத்துச் சொல்வது அவள் வேலை.

இருமினான். தொடை இடுக்குக்கு மேலே வீக்கம் எட்டிப் பார்த்தது. மேசையில் படுக்கச் சொன்னார்கள். காணாமல் போயிற்று.

“கண்ணாமூச்சி ஆடுறான், டாக்டர். ரெண்டு வருஷமா வாடகை குடுக்காம உள்ளயே குடியிருக்கான். இன்னிக்குக் காலி பண்ணிடுங்க.”

நர்ஸ் சொல்லி முடித்ததும் டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். எல்லோருக்கும் அவனைப் பிடித்துவிட்டது.

இப்போதெல்லாம் எல்லோருக்கும் அவனைப் பிடிக்கிறது.

குடலிறக்கம் வந்த பிறகு கிடங்கில் மூட்டை தூக்க முடியாமல் வீட்டோடு இருக்கிறான். அவள்தான் சலவைக்கூடத்துக்கு இஸ்திரி போடப் போகிறாள். திரும்பி வரும்போது வெங்காயம் நறுக்கி, அடுப்பைத் துடைத்து வைத்திருப்பான். மகளின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருப்பான். நீ கொடுத்துவைத்தவள் என்று பக்கத்து வீட்டுக்காரி பெருமூச்சு விடுகிறாள்.

கொடுத்துவைத்தவள்தான். ஆனாலும் சந்தையில் பானை வாங்குகிறவளைப் போல அந்தச் சாந்தத்தை அவள் தினமும் தட்டித் தட்டிப் பார்க்கிறாள்.

டாக்டர் பேனாவை எடுத்து அவன் அடிவயிற்றில் ஓர் அம்புக்குறி போட்டார்.

“அது எதுக்கு?”

“பக்கம் மாறிடக் கூடாதுல்ல, அக்கா.”

மாறிப்போகவும் செய்யுமா? சிறுநீரகத்தைத் திருடுகிறவர்களைப் பற்றிப் பக்கத்து வீட்டுக்காரி சொல்லியிருந்தாள். எடுத்துப் போக ஒன்றும் இல்லாமலா கடல் தாண்டி வருகிறார்கள்? நேற்று அறுவை முடிந்த ஒருவர் வாசலில் மெல்ல நடந்து காட்டி, தூங்கி எழுந்த மாதிரி இருக்கிறது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அவரையும் இவர்களே பேசிவைத்து நிறுத்தியிருக்கலாம்.

அம்பின் முனை எங்கே போய் முடிகிறது என்று கழுத்தை நீட்டிப் பார்த்தாள்.

“ஏண்டி, ஆட்டுக்கு விலை பேசுற மாதிரி பாக்கிற?” என்றான் அவன். “பேச்சு புரியாட்டி என்ன, முகத்தப் பாரு. நல்லவங்க.”

முகத்தைப் பார்த்து நம்புவதை அவள் விட்டு வெகுகாலமாகிறது.

டாக்டர் இப்போது அவளிடமே பேசினார். நீளமாக, பொறுமையாக. நர்ஸ் அதைச் சுருக்கிச் சொன்னாள்.

“இப்படியே விட்டா ஒருநாள் குடல் மாட்டிக்கும். மாட்டிக்கிட்டா உயிருக்கே ஆபத்து. இவங்க நாளைக்குக் கிளம்பிடுவாங்க, மறுபடி எப்ப வருவாங்கன்னு தெரியாது. இன்னிக்குப் பண்ணிட்டா, கொஞ்ச நாள் ஓய்வு. அப்புறம் பழையபடி ஆயிடுவார்.”

“பழையபடின்னா?”

“முன்ன எப்படி இருந்தாரோ அப்படியே, அக்கா. அதே பலம் வந்துடும்.”

மேசையில் படுத்தபடி அவன் அவளைப் பார்த்துக் கண்ணடித்தான்.

அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். இந்த இரண்டு வருஷத்துச் சாந்தம் அவனுடையதா, அந்த வீக்கத்தினுடையதா? அதை இந்த அறையில் யாரிடம் கேட்பது?

“கடைசியா ஒண்ணு,” என்றாள் நர்ஸ். “காலையில ஏதாவது சாப்பிட்டாரா? வயித்துல ஏதாவது இருந்தா இன்னிக்கு மயக்க மருந்து குடுக்க மாட்டாங்க.”

“பல்லுல பச்சைத் தண்ணி கூடப் படல,” என்றான் அவன்.

உண்மைதான். விடிவதற்கு முன்னால் எழுந்து அவளுக்கும் மகளுக்கும் டீ போட்டுக் கொடுத்துவிட்டு, அவர்கள் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான்.

நர்ஸ் அவள் பக்கம் திரும்பினாள். வீட்டுக்காரி வாயால் கேட்டால்தான் நம்புவார்கள் போலிருக்கிறது.

“டீ குடிச்சார்,” என்றாள் அவள். குரல் யாருடையதோ போல இருந்தது. “பன்னும் சாப்பிட்டார். ரெண்டு.”

நர்ஸ் அதை டாக்டரிடம் சொன்னாள். முதல்முறையாக டாக்டரின் சிரிப்பு நின்றது. அடுத்த ஆளைக் கூப்பிடச் சொல்லி வாசல் பக்கம் கை காட்டினார்.

“பொய் சொல்றா இவ!”

அவன் மேசையிலிருந்து துள்ளி இறங்கினான். இரண்டே எட்டில் பெஞ்சுக்கு வந்துவிட்டான். வலது கை தோளுக்கு மேலே போயிற்று.

அங்கே வலி அவனைப் பிடித்துக்கொண்டது. ஓங்கிய கை இறங்கி அடிவயிற்றைப் பொத்தியது. அவன் பாதியாக மடங்கினான்.

“ஐயோ, பாவம்!” நர்ஸ் ஓடிவந்து அவனைத் தாங்கினாள். டாக்டர் இன்னொரு பக்கம் பிடித்துக்கொண்டார்.

அவன் தோளைப் பிடித்தபடியே நிமிர்ந்த நர்ஸ் அவளையே பார்த்தாள்.

என்ன பார்க்கிறாள் என்று அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது. தன் முழங்கைகள் இரண்டும் முகத்துக்கு முன்னால் ஏறி நின்றிருந்தன.