சுகந்தியின் முடிவு

‘பனிக்கோட்டை’ மாயாஜாலத் தொடரின் கடைசியில் நான் ராணியைக் கொன்றதற்கு ஊரே என்னைத் திட்டியது. என் மனைவி சுகந்தி மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. இன்றும் தங்கையிடம் போனில் சண்டை போட்டாள்.

"ராணி சாகலைன்னா கதையே இல்லடி. எங்க வீட்டுக்காரர் எழுதினதுதான் சரி."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவள் குளிக்கப் போனதும் டிவியைப் போட்டேன். இப்போதெல்லாம் அவரவர் மனசுக்குப் பிடித்த முடிவை டிவியே தயாரித்துத் தந்துவிடுகிறது. ‘சுகந்தியின் முடிவு’ பாதியில் நின்றிருந்தது. ஓடவிட்டேன்.

ராணி உயிரோடு இருந்தாள். என்னையே மனதில் வைத்து நான் எழுதிய ராஜாதான் செத்துப்போயிருந்தார். நான் இரண்டு வசனம்கூடக் கொடுக்காத தளபதியின் தோளில் சாய்ந்து ராணி சிரித்தாள். அப்படியொரு சிரிப்பை நான் எழுதியதில்லை. இந்த வீட்டில் கேட்டதுமில்லை.