கண்கட்டு ஒத்திகை

சிறையில் தீப்பிடித்தால் புகையில் கண் தெரியாது என்பதால், புதிய பெண் காவலர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டே ஒரு சிறையறையைத் திறந்து, உள்ளிருப்பவரை முற்றத்துக்குக் கூட்டிவர வேண்டும். இருமுறை தவறினால் சாவிக்கொத்துப் பொறுப்பு கைக்கு வராது; வேலையும் நிலைக்காது. ஏற்கெனவே ஒருமுறை தவறியிருந்த செண்பகவல்லியின் சாவி இன்றும் சுவரையே உரசியது.

“நெசமா எரியும்போதும் இப்பிடித்தான் தடவுவீங்களாம்மா?” உள்ளேயிருந்த கைதி ரோசலின் சிரித்தாள்.

“சும்மா இருடி, பயமா இருக்கு.”

“எனக்குந்தான். எரிஞ்சா மாட்டிக்கப்போறது நான்தானே.”

செண்பகவல்லி அந்தக் குரல் வந்த பக்கம் கையை நீட்டினாள். கம்பி தட்டுப்பட்டது, அதன்கீழே பூட்டு. கதவு திறந்தது. ரோசலின் அவள் தோளைப் பற்றிக்கொள்ள, சுவரைத் தொட்டுக்கொண்டே இருவரும் நடந்தார்கள். முகத்தில் வெயில் பட்டது.

“வந்துட்டோம்மா. கட்டை அவுத்துடுங்க.”

“பக்கத்து அறையில யாரு இருக்கா?” என்று கேட்டுவிட்டு, கட்டை அவிழ்க்காமலே அவள் உள்ளே திரும்பினாள்.