விலைக்கு வந்த வீடும் வறுத்த மிளகாயும்

“செல்வமலர்! வீடு பார்க்க ஆக்கள் வாற நேரமாப் பார்த்துத்தான் செத்தல் மிளகாய் வறுப்பியோ?”

வீட்டுக்காரி சின்யோரா நின்ஃபா போட்ட சத்தத்தில் முற்றத்துப் புறாக்கள் எல்லாம் எழும்பிப் பறந்தன. தூரினிலிருந்து வந்திருந்த புருசனும் பெண்சாதியும் வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். கூட்டிவந்த தரகர் தும்மத் தொடங்கியவர், நிறுத்தவே இல்லை.

குசினியில் செல்வமலர் தாச்சியை இறக்காமலே, “மன்னிச்சுக்கொள்ளுங்கோ சின்யோரா” என்றாள்.

மகள் சுலக்சனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பலெர்மோவில் சட்டம் படிக்கிறவள் அவள். அங்கே போர்கோ வெக்கியோ என்ற பகுதியில் மூன்று பெட்டைகளோடு ஓர் அறையில் இருக்கிறாள். சனிக்கிழமைகளில் பஸ் ஏறி, அப்பா அம்மாவைப் பார்க்க இந்தத் திராட்சைத் தோட்டக் கிராமத்துக்கு வந்துவிடுவாள்.

இருநூறு வருசத்துக் கல்வீடு. ஒரு காலத்தில் திராட்சை மிதித்து வைன் எடுத்த மண்டபம் இப்போது வரவேற்பறை. மூன்று வருசத் திருத்த வேலையில் மேசன்மாரோடு கல்லும் மரமும் சுமந்தவர் அப்பா விக்னராஜா. அம்மாவுக்குச் சமையலும் துப்புரவும். இரண்டு பேரும் பின்பக்கத்து அறைகளில் குடியிருக்கிறார்கள்.

வேலை முடிந்த கையோடு வீடு விலைக்கு வந்துவிட்டது. வீட்டில் பாதி சின்யோராவுக்குச் சொந்தம், பாதி மிலானோவில் இருக்கும் அவவின் தம்பிக்கு.

அப்பா அம்மாவுக்கு இத்தாலியில் இருக்க அனுமதி தருகிற பெர்மெசோ, தொண்ணூற்றெட்டு நவம்பரோடு முடிகிறது. புதுப்பிக்க வேலைக் கடிதம் வேணும், விலாசம் வேணும். இரண்டுக்கும் இந்த வீடுதான். அதற்குள் வீடு கைமாறினால் பெர்மெசோ கொடுக்கும் பொலிஸ் கந்தோரான குவெஸ்தூராவில் எதைக் காட்டுவது?

“அதைப் பற்றி இந்த மனிசி ஒரு சொல்லு கதைச்சவவோ அம்மா? விக்கிற அவசரம்! அதுக்குள்ளை எங்கட மிளகாய் மணக்குதாம்!”

“மெல்லக் கதை பிள்ளை. நீ தோட்டத்துப் பக்கம் போ.”

“ஏன் போகோணும்? போன சனியும் இதே கூத்து. அதுக்கு முதல் சனியும். அவ கத்திறா, நீங்கள் தலையைக் குனியிறியள். உங்களுக்கு ரோசமே இல்லையோ?”

“எடியே, உன்ர காலில விழுறன். வாயை மட்டும் திறக்காதை!”

விக்னராஜா கதவடியில் நின்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பை அடக்குகிறவர்போல இருந்தது. பயத்தில் சிலருக்கு முகம் அப்படித்தான் போகும் என்று சுலக்சனா நினைத்துக்கொண்டாள்.

நேரே மண்டபத்துக்குப் போனாள். கோட்டில் வழக்குரைஞர் எழும்பி நிற்கிற மாதிரி நின்றாள்.

“சின்யோரா, ஒரு கேள்வி. இந்தச் சுவரில இருநூறு வருசம் வைன் புளிச்ச மணம் இருந்தது. அது பாரம்பரியம், விலையில சேரும். எங்கட மிளகாய் மட்டும் நாத்தமோ?”

“சுலக்சனா, பிறகு கதைப்பம்...” என்றா சின்யோரா அவசரமாக.

“இல்லை, இப்பவே கதைப்பம்! ரெண்டு ஜன்னலைத் திறந்தா பத்து நிமிசத்தில போற மணத்துக்கு என்ர அம்மா ஏன் மன்னிப்புக் கேக்கோணும்? கட்டினவன் என்ன மடையனோ? காத்து வரட்டும் எண்டுதானே ஜன்னலை எதிரெதிரா வைச்சிருக்கிறான். இஞ்சை பாருங்கோ!”

படார் படார் என்று இரண்டையும் திறந்துவிட்டாள்.

மலைக்காற்று ஒரு வழியாக வந்து மறுவழியாகப் போனது. நெடி போயே போய்விட்டது. தூரின்காரி கைக்குட்டையை இறக்கி, மெல்ல ஜன்னலடிக்கு வந்தாள். வீடு பார்க்க வந்த ஒருவரும் இதுவரை வாசலைத் தாண்டியதில்லை. கீழே, கண்ணுக்கெட்டிய தூரம் திராட்சைத் தோட்டம்.

“கடவுளே, என்ன வடிவு! இந்தக் கூரை ஒழுகுமோ பிள்ளை?”

“ஒரு சொட்டு ஒழுகாது! அந்த மரம் எல்லாம் என்ர அப்பா சுமந்தது.”

“அப்ப நாளைக்குப் பத்து மணிக்கு வாறம். பேசி முடிப்பம்” என்றான் புருசன். தும்மல் நின்ற தரகர் சுலக்சனாவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

சின்யோராவின் முகத்தில் ஈயாடவில்லை. வழக்கில் வென்றுவிட்டேன் என்று நினைத்தாள் சுலக்சனா.

கார் வளைவில் மறைந்ததும் சின்யோரா கதிரையில் தொப்பென்று விழுந்தா.

“செல்வமலர், உன்ர மகளுக்கு நீ சொல்லேல்லையோ?”

“எப்பிடிச் சொல்லுறது சின்யோரா? வாங்க வாறவையை ஏமாத்துறது நியாயமோ எண்டு உங்களோடை அதுக்கும் ஒரு வழக்குப் பேசியிருப்பாள்.”

“என்னத்தைச் சொல்லேல்லை?” என்றாள் சுலக்சனா.

“மூண்டு மாசம்! பதினொரு பேர்!” சின்யோரா கைகளை வானத்துக்கு உயர்த்தினா. “எல்லாரையும் உன்ர அம்மாவின்ர மிளகாயாலதான் துரத்தினன். வறுக்கச் சொன்னதும் நான்தான். அக்கா விக்கத்தான் பாக்கிறா எண்டு தரகர் போய், விக்கச் சொல்லி நிக்கிற என்ர தம்பிக்குச் சொல்லட்டும் எண்டுதான் தொண்டை கிழியக் கத்தினது. பெர்மெசோ இவையின்ர கைக்கு வரட்டும், பிறகு ஆரும் வாங்கட்டும் எண்டிருந்தன். நீ பத்து நிமிசத்தில வித்துப்போட்டாய்!”

விக்னராஜாவுக்கு இப்போது சிரிப்பை அடக்க முடியவில்லை.

“சட்டம் படிக்கிற பிள்ளை, நீயே சொல்லு. நாளைக்குப் பத்து மணிக்கு என்ன செய்யிறது?” என்றா சின்யோரா.

சுலக்சனா ஜன்னலடிக்குப் போனாள். திறந்த ஜன்னல் இரண்டையும் இழுத்துச் சாத்திக் கொளுக்கி போட்டாள். குசினிக்குப் போய், மேல்தட்டில் கடதாசி சுற்றி வைத்திருந்த பொட்டலம் ஒன்றை எடுத்துவந்து மேசையில் வைத்தாள்.

“மிளகாய் காணாது, சின்யோரா. கருவாடு பொரிப்பம்.”