பந்தல் நிழல்

சாயப்பட்டறையின் மொட்டைமாடி முழுக்கக் கண்ணாடிக் குழாய்கள் படுத்திருக்கின்றன. மருந்து கலந்த சாயக்கழிவு அவற்றுக்குள் ஓடுகிறது. மேலே உச்சி வெயில் விழுந்தால்தான் நிறம் செத்துத் தண்ணீர் தெளியும். இன்று குழாய்கள் மேல் ஒரு பொட்டு வெயில் இல்லை. இந்த அதிசயத்தைப் பார்க்க வரும் விருந்தினருக்குச் சுடக்கூடாதென்று மேலாளர் குழாய்களையும் சேர்த்துக் கெட்டித் துணியில் பந்தல் போட்டுவிட்டார். குழாய்களைப் பார்த்துக்கொள்ளும் பெண் கடைசிக் குழாயடியில் கண்ணாடி டம்ளரைப் பிடிக்கிறாள். உள்ளே போன சிவப்பு அப்படியே வந்து விழுகிறது. "யாரைக் கேட்டு சார் பந்தல் போட்டீங்க?" "பெரிய மனுஷங்களை வெயில்லயா நிக்க வைக்கிறது? ஒரு மணி நேரம் பொறுத்துக்கம்மா." "அப்ப வால்வையாவது மூடுறேன். இது நேரா ஆத்துக்குப் போகுது." "மூடிடாதே! தண்ணி ஓடுறதைப் பார்க்கத்தானே வர்றாங்க." மின்விசிறிக் காற்றில் விருந்தினருக்குப் போட்ட மேசையின் விரிப்பு படபடக்கிறது. படிக்கட்டில் செருப்புச் சத்தம். "வந்துட்டாங்க. மூஞ்சியைக் கொஞ்சம் சிரிச்ச மாதிரி வெச்சுக்க." அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மேசைக்குப் போகிறாள். நடு நாற்காலிக்கு நேரே மூடி வைத்திருக்கும் குடிதண்ணீர் டம்ளரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சிவப்பு டம்ளரை ணங்கென்று வைக்கிறாள்.